சுளவைத் தொட விடுங்கள்

நெல்லைச் சீமையில் அருங்காட்சியகம் நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். கோடை லீவில் என் மகளை ஓர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். சுளவு (முறம்), உழக்கு, ஓலைப்பெட்டி, திருகை என்று எங்கள் ஆச்சியின் அடுக்களையே கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. கண்ணாடியில் விரல் வைத்ததற்கே அதட்டல். ஒரு வாரம் கழித்து என்ன பார்த்தாய் என்றால், "ஏதோ பழைய சாமான்" என்கிறாள்.

அப்புறம் பத்தமடைக்கு அத்தை வீட்டுக்குப் போனோம். அத்தை சுளவில் உளுந்தைப் போட்டு அவள் கையில் கொடுத்தார்கள். முதல் வீச்சில் பாதி உளுந்து தரையில். பிறகு அத்தை அவள் மணிக்கட்டைப் பிடித்துப் புடைக்கச் சொல்லிக்கொடுக்க, தூசி பறக்க, சலக் சலக்கென்று சத்தம் வர, அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கணுமே! ஊறப்போட்ட பாய்க்கோரையையும் முகர்ந்து பார்த்தாள். சுளவின் எந்த ஓரத்தில் நார் பிய்ந்து குத்தியது என்று இன்றைக்கும் சொல்கிறாள்.

2018-ல் ஜெர்மன் ஆய்வாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கண்ணைக் கட்டி, 168 அன்றாடப் பொருட்களை ஒவ்வொன்றாக 10 விநாடி தடவ விட்டிருக்கிறார்கள். பிறகு ஒரே வகையில் இரண்டைக் கொடுத்து முன்பு தொட்டது எது என்று கேட்டால், உடனே கேட்டபோது 94 சதவீதம் சரி, ஒரு வாரம் கழித்தும் 85. கண்ணைவிடக் கை பெரிது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது, ஆனால் கைக்கு இவ்வளவு ஞாபகம் இருக்கும்போது அதைக் கட்டிப்போடுவானேன்?

காதும் அப்படித்தான். படத்தோடு அதற்குரிய சத்தத்தையும் கேட்டவர்களுக்கு, பிறகு அந்தப் படம் இன்னும் நன்றாக அடையாளம் தெரிகிறது என்று வேறு ஆய்வுகள் சொல்கின்றன. பொருந்தாத சத்தத்துக்கு அந்தப் பலன் இல்லை. அதனால் ஸ்பீக்கரில் வீணை வேண்டாம், திருகை சுற்றுகிற சத்தத்தைப் போடுங்கள்.

பழம்பொருளைத் தொட விடச் சொல்லவில்லை, அது கண்ணாடிக்குள்ளேயே பத்திரமாக இருக்கட்டும். வாசலருகே ஒரு மேசை, சந்தையில் வாங்கிய சுளவு, உழக்கு, கொஞ்சம் உளுந்து, ஒரு கொட்டானில் கருப்பட்டி, இவ்வளவுதான். பார்வை இல்லாத பிள்ளைகள் வந்தால் அவர்களுக்கும் அங்கே ஏதாவது கிடைக்கும். சுளவு பிய்ந்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம்.

சரி, மேசை போடுவதாக இருந்தால் சொல்லுங்கள். முதல் சுளவை அத்தையிடம் கேட்டு நானே கொண்டுவந்து தருகிறேன்.