நிம்மதியைப் பற்றி மகளுக்கு ஒரு கடிதம்

களுவாஞ்சிகுடி

அன்புள்ள மகள்,

மாதாந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று உன் பிரிவின் கணக்கைச் சொல்லவேண்டிய நாளில் நெஞ்சு படபடத்து, கை குளிர்ந்து, கடைசியில் சுகயீன விடுமுறை போட்டுவிட்டதாகவும், போட்ட மறுகணமே உடம்பெல்லாம் இலேசாகிவிட்டதாகவும் எழுதியிருந்தாய். அந்தப் படபடப்புக்கு என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறாய். எனக்கோ அதற்குப் பின் வந்த நிம்மதிதான் கவலை தருகிறது. பாடசாலையில் உளவளத்துணை ஆசிரியையாக இருந்த காலத்தில் படித்ததையும் பார்த்ததையும் வைத்து அதைப் பற்றியே எழுதுகிறேன்.

படபடப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆபத்து என்று மூளை முடிவு செய்ததும் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைகிறது, தோலுக்கும் குடலுக்கும் போகும் இரத்தம் குறைந்து தசைகளுக்குத் திரும்புகிறது. கை குளிர்வதும் வயிற்றைக் கலக்குவதும் அதனால்தான். வோல்டர் கனன் என்ற அமெரிக்க உடலியலாளர் இதை 1915இலேயே ஒரு நூலாக எழுதிவிட்டார். சண்டை பிடிக்கவோ ஓடவோ உடம்பு தயாராகிறதே தவிர, அது நோயுமல்ல, நீ அந்த வேலைக்குத் தகுதியற்றவள் என்பதற்குச் சாட்சியுமல்ல.

நிம்மதியின் கதை வேறு. ஒரு செயலுக்குப் பின் துன்பம் நீங்கினால், அந்தச் செயலை மீண்டும் செய்ய மனம் பழகிவிடும். உளவியலில் இதை எதிர்மறை வலுவூட்டல் என்பார்கள். பயம் ஏன் ஆண்டுக்கணக்கில் அழியாமல் நிற்கிறது என்பதை ஓ. எச். மோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1947இல் இரண்டு படிகளாக விளக்கினார்: முதலில் பயம் ஏதோவொன்றுடன் ஒட்டிக்கொள்கிறது, பின்னர் அதைத் தவிர்க்கும்போது கிடைக்கும் ஆறுதலே தவிர்த்ததற்கான வெகுமதியாகிவிடுகிறது. கூட்டத்துக்குப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை நீ அறியவில்லை. உன் மனமோ ஓர் ஆபத்திலிருந்து தப்பியதாகவே கணக்கு எழுதிவைத்திருக்கிறது. அடுத்த மாதம் அந்தக் கணக்கைக் காட்டித்தான் உன்னை மறிக்கும்.

இந்தப் பயம் உனக்கு எங்கிருந்து வந்தது என்றும் யோசித்தேன். யுத்தகாலத்தில் படையினரின் சுற்றிவளைப்பில் ஊரையே வரிசையில் நிறுத்தி, தலையசைத்து ஆட்களைக் காட்டிக்கொடுக்கும் முகம் மூடிய தலையாட்டியின் முன்னால் ஒவ்வொருவராக நடக்கவிட்ட காலத்தை உன் அப்பாவும் நானும் கடந்து வந்தவர்கள். பலர் பார்க்க முன்னுக்கு நிற்பது உயிருக்கு ஆபத்து என்பது அன்று கற்பனையல்ல. கூட்டத்தோடு கூட்டமாக, குரலை உயர்த்தாமல் நிற்பதுதான் அறிவு. பிள்ளைகள் பயத்தைத் தங்கள் அனுபவத்தால் மட்டும் கற்பதில்லை, பெற்றவர்களின் முகத்தைப் பார்த்தும் கற்கிறார்கள். நீ கற்ற அந்தப் பாடம் அந்த இடத்துக்கும் அந்தக் காலத்துக்கும் பொருந்தியது. கொழும்பில் ஒரு வங்கியின் கூட்ட அறைக்குப் பொருந்தாது. உன்னிடம் ஏதோ குறை இருப்பதாக எண்ணி நீ உன்னையே திட்டிக்கொள்வது வீண்.

பிலடெல்பியாவில் பணியாற்றிய ஆரன் பெக் என்ற உளமருத்துவர், உணர்ச்சிக்குச் சற்று முன்னால் மின்னிமறையும் எண்ணங்களைத் தன் நோயாளிகளிடம் கவனித்து, 1960களில் அதிலிருந்து ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார். “என் ஆங்கிலத்தைக் கேட்டுச் சிரிப்பார்கள்” என்று நீ எழுதியது அப்படியான எண்ணந்தான். அதைத் தாளில் எழுதி, அதற்கு என்ன ஆதாரம், எதிராக என்ன ஆதாரம் என்று பார்ப்பது நல்லது. ஆனால் எண்ணத்தோடு வாதாடுவதில் மட்டும் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. பயந்த மனம் வாதத்தில் தோற்றாலும் பயத்தை விடாது. கண்ணால் கண்டால்தான் நம்பும்.

அப்படிக் காணவைத்த ஒருவரைச் சொல்கிறேன். மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1924இல் பீட்டர் என்ற சிறுவனைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். மூன்று வயது நிரம்பாத அந்தப் பிள்ளைக்கு முயலைக் கண்டால் பயம். பிள்ளை விருப்பமான உணவைச் சாப்பிடும்போது கூட்டிலடைத்த முயலைத் தூரத்தில் வைத்து, நாளடைவில் கிட்டக் கொண்டுவந்து, கடைசியில் அவனே அதைத் தடவும்வரை பழக்கினார். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, கடற்கரைப் பக்கமே தலைவைக்க மறுத்த நம் பிள்ளைகளும் ஏறக்குறைய இப்படித்தான் திரும்பியதைப் பார்த்தேன்: முதலில் வீதிவரை, பிறகு பெரியவர் ஒருவரின் கையைப் பிடித்து மணல்வரை. ஒரேயடியாக அலைக்குள் இழுத்துச்சென்றால் துணிந்துவிடுவார்கள் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அந்த யோசனை எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை.

அம்மம்மா இருந்திருந்தால் உன்னைக் கண்ணகையம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய், அங்கே பூசை செய்யும் கட்டாடியாரிடம் திருநீறு போட்டு நூல் கட்டுவித்திருப்பா. நான் அதைக் கேலி செய்யமாட்டேன், நூல் உன்னை அறைக்குள் கொண்டுபோகுமென்றால் கட்டிக்கொள். ஆனால் நூல் இல்லாமல் போகவே முடியாது என்ற நிலை வந்தால், சமாளித்த புகழ் முழுவதும் நூலுக்கே போய்விடும், உனக்கு ஒன்றும் மிஞ்சாது. தாளிலிருந்து தலை நிமிராமல் வாசிப்பதும், யாரும் கேள்வி கேட்காதபடி விரைவாக முடிப்பதும் அதே வகைதான். இவற்றைப் பாதுகாப்பு நடத்தைகள் என்பார்கள். பார்வைக்குத் துணிவுபோல் இருந்தாலும் இவையும் ஒருவகைத் தவிர்த்தலே.

ஆகவே அடுத்த கூட்டத்தில் முழு அளிக்கையையும் செய்யவேண்டாம். முதலில் வேறொருவர் பேசும்போது ஒரேயொரு கேள்வி கேள். அதற்கடுத்த முறை இருந்த இடத்திலிருந்தே இரண்டு வரி சொல். எழுந்து நிற்பது அதன் பிறகு. ஒவ்வொரு தடவையும் போவதற்கு முன் பயத்துக்குப் பூச்சியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் கொடுத்துக் குறித்துவை. முடியும்வரை எழுந்து போகாமல் இருந்து, முடிந்ததும் மறுபடி குறி. முதல் தடவை எண் அதிகம் இறங்காமலும் போகலாம், அதற்காக முறை பிழை என்று முடிவு செய்துவிடாதே.

நித்திரையும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டால், அல்லது வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் தலைகாட்டினால், இந்தப் படிகளையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு மருத்துவரிடம் போ. இரவென்றாலும் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். நீ எழுதியதை வைத்துப் பார்த்தால் அந்த அளவு இல்லை என்றே நினைக்கிறேன்.

அடுத்த கூட்டம் முடிந்ததும் அந்த இரண்டு எண்களையும் எனக்கு அனுப்பு. கேள்வியை நன்றாகக் கேட்டாயா, தடுமாறினாயா என்பதை எழுதவேண்டியதில்லை.

அன்புடன்,
அம்மா