20லிருந்து 80 கி.மீ. வேகத்துக்கு எவ்வளவு நேரம் என்று சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சின்ன ஸ்போர்ட்ஸ் கார்களை ஒப்பிட்டுச் சென்ற இதழில் நீங்கள் வெளியிட்ட கட்டுரை எங்கள் ஒர்க்‌ஷாப்பில் கை மாறிக் கை மாறி அட்டையே கிழிந்துவிட்டது. அம்பத்தூரில் டர்போ (புகையின் விசையால் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அமுக்கும் கருவி) உள்ள வண்டிகளும் ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளும் பார்க்கிற இடம் எங்களுடையது. எது முதல், எது இரண்டாவது என்று பையன்களுக்குள் பெரிய சண்டை. சண்டை முழுக்க உங்கள் அட்டவணையில் ஒரே ஒரு கட்டத்தைப் பற்றித்தான்: 0விலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட எத்தனை விநாடி. உங்கள் தீர்ப்பும் கிட்டத்தட்ட அந்தக் கட்டத்தை வைத்தே எழுதப்பட்டிருக்கிறது. என் மனத்தாங்கல் அங்கேதான். சென்னையில் கார் வாங்கப் போகிற ஒருவருக்கு அந்த எண்ணால் பெரிய பிரயோஜனம் இல்லை.

அந்த எண் எப்படிக் கிடைக்கிறது என்று ஒரு வரியாவது எழுதியிருக்கலாம். பொதுவாக இந்தச் சோதனையை விடியற்காலையில் செய்வார்கள். ஓட்டுநர் ஒருவர் மட்டும், டேங்க் நிறையாமல், ஏசியை அணைத்துவிட்டு, ஜிபிஎஸ் கருவியைப் பொருத்திப் பல தடவை ஓட்டி, சிறந்ததை எடுத்துக்கொள்வார்கள். அமெரிக்கப் பத்திரிகைகள் சில இன்னும் ஒரு படி மேலே போய், கார் முதல் ஓர் அடி நகர்ந்த பிறகுதான் கடிகாரத்தை ஓட விடும். அதிலேயே சுமார் 0.3 விநாடி மிச்சம். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அரை விநாடி வித்தியாசத்தில் ஒரு காரை ஜெயிக்க வைக்கும்போது இதையெல்லாம் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

அப்புறம், நம் ஊர் வேக வரம்பு. 2023 நவம்பரிலிருந்து மாநகரச் சாலைகளில் காருக்கு 60 கி.மீ., குடியிருப்புத் தெருக்களில் 30. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பது பள்ளிக்கூடக் கணக்கு. 100 கி.மீ. வேகத்துக்குத் தேவையான ஆற்றலில் 60 வரைக்கும் செலவாவது 36 சதவீதம்தான். மிச்சம் 64 சதவீதம் ஊருக்குள் போகவே கூடாத வேகத்துக்கு. ஆக, நீங்கள் அச்சிட்ட விநாடிகளில் பாதிக்கு மேல் அண்ணா சாலைக்குச் சம்பந்தமே இல்லாதவை.

சம்பந்தமுள்ள எண் வேறு. மதுரவாயல் பைபாஸில் சர்வீஸ் ரோட்டிலிருந்து ஏறுகிறோம், பக்கவாட்டில் கன்டெய்னர் லாரி வருகிறது, நம் வண்டி மூன்றாவது கியரில் 25ல் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே மிதித்தால் எப்போது 80 வரும்? கத்திப்பாரா மேம்பாலத்தின் வளைவில் ஏறும்போது இன்ஜின் திணறுமா, இழுக்குமா? இதைத்தான் 20–80, 40–100 சோதனைகள் சொல்லும். உங்கள் பத்திரிகையே ஒரு காலத்தில் மூன்றாவது கியரில் இவ்வளவு, நான்காவது கியரில் இவ்வளவு என்று அதைப் போட்டுக்கொண்டிருந்தது. ஏன் நிறுத்தினீர்கள் என்று தெரியவில்லை.

டர்போ வண்டிகளுக்குத்தான் இது ரொம்ப முக்கியம். ஹூண்டாய் ஐ20 என் லைனில் 998 சிசி, 120 பிஎஸ் (குதிரைத்திறன்) சக்தி, 172 நியூட்டன் மீட்டர் இழுவை. டாடா ஆல்ட்ரோஸ் ரேஸரில் 1.2 லிட்டர், அதே 120 பிஎஸ், 170 நியூட்டன் மீட்டர். காகிதத்தில் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் முதல் வண்டியில் அந்த முழு இழுவை 1500 ஆர்பிஎம்மிலேயே (இன்ஜின் நிமிடத்துக்குச் சுழலும் சுற்று) கிடைப்பதாகக் கம்பெனிக் கணக்கு, இரண்டாவதில் 1750ல். டிராஃபிக்கில் 1300, 1400 ஆர்பிஎம்மில் தவழ்ந்துகொண்டிருக்கும் வண்டிக்கு அந்த 250 ஆர்பிஎம் சின்ன விஷயம் இல்லை. கிளட்சை விட்டு, இன்ஜினை உறும வைத்துக் கிளப்பும் 0–100 ஓட்டத்தில் இந்த வித்தியாசம் ஒளிந்துகொள்ளும். அதோடு ஐ20யில் தானாக கியர் மாற்றும் 7 கியர் இரட்டைக் கிளட்ச் பெட்டியும் உண்டு, ரேஸரில் 6 கியர் மேனுவல் மட்டும்தான். எந்த கியர்பாக்ஸ் வண்டியை ஓட்டினீர்கள் என்று அடிக்குறிப்பில்கூட இல்லையே, சார்!

எல்லாரும் ஏன் 1.0, 1.2 லிட்டரிலேயே நிற்கிறார்கள் என்றும் கட்டுரையில் தொட்டிருக்கலாம். 4 மீட்டர் நீளத்துக்குள், பெட்ரோல் இன்ஜின் 1200 சிசிக்குள் இருந்தால் குறைந்த வரி. 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 சதவீதம், எல்லையைத் தாண்டினால் 40. பழைய கலால் வரிக் காலத்திலும் இதே எல்லைதான். அதனால்தான் 2015ல் வந்த ஃபியட்டின் அபார்த் புன்டோ 1.4 லிட்டர் டர்போ, 145 பிஎஸ் என்று சத்தமாக வந்தும் தனி மரமாகவே நின்றது. அதற்கு அடுத்து வந்த பலேனோ ஆர்எஸ், போலோவின் 1.0 டிஎஸ்ஐ எல்லாமே கோட்டுக்கு உள்ளே நின்று விளையாடியவை. நம் நாட்டுச் சின்ன ஸ்போர்ட்ஸ் காரின் பாதி வடிவமைப்பை நிதி அமைச்சகம் செய்கிறது என்று நான் கடையில் சொல்வதுண்டு.

சரி, வெயிலுக்கு வருகிறேன். என் முக்கியமான குறை இதுதான். இன்ஜினின் சக்தியை அளக்கும் ஐஎஸ்ஓ (சர்வதேசத் தர அமைப்பு) முறையில் 25 டிகிரி வெப்பநிலைக்குத் திருத்திக் கணக்கிடுகிறார்கள். மார்கழிக் காலையில் 22 டிகிரி இருக்கும் காற்றும் கத்திரி வெயிலில் 40 டிகிரி இருக்கும் காற்றும் ஒன்றல்ல. அடர்த்தி சுமார் 6 சதவீதம் குறைகிறது. கடற்கரை ஊரின் ஈரப்பதம் வேறு கொஞ்சம் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. டர்போ கூடுதலாகச் சுழன்று ஈடுகட்டலாம்தான். ஆனால் காற்றை அமுக்க அமுக்க அது இன்னும் சூடாகும். அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கு எதிர்க்காற்று வேண்டும். படி சிக்னலில் நிற்கும்போது எதிர்க்காற்று ஏது? பானட்டுக்குள் தேங்கிய சூட்டையே இன்ஜின் திரும்பக் குடிக்கும். உடனே இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டரான இசியு, சூட்டில் பெட்ரோல் தானாகவே வெடிக்கும் நாக்கிங் வராமலிருக்க, தீப்பொறி விடும் நேரமான இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும். வண்டி ஓடும், ஆனால் காலையில் இருந்த துள்ளல் இருக்காது. 'காலையில நல்லா போச்சுண்ணா, மதியம் ஒரு மாதிரி இருக்கு' என்று வருகிற வண்டிகளில் பலவற்றில் கோளாறே இருப்பதில்லை. மென்பொருளை மாற்றிச் சக்தியைக் கூட்டும் ஸ்டேஜ் 1 ரீமேப் செய்த வண்டிகளில் இந்தப் புகார் இன்னும் அதிகம். காசு கொடுத்து ஏற்றியதில் ஒரு பகுதியை வெயில் திரும்ப வாங்கிக்கொள்கிறது.

கிளட்சும் அப்படித்தான். சின்ன கார்களில் வரும் இரட்டைக் கிளட்ச் பெட்டிகள் பெரும்பாலும் உலர் வகை. ஓஎம்ஆரில் மெட்ரோ வேலை நடக்கும் இடங்களில் அங்குலம் அங்குலமாக நகரும்போது கிளட்ச் முழுசாகப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். அந்தச் சூட்டைக் கொண்டுபோக எண்ணெய் கிடையாது. ஓர் அளவுக்கு மேல் போனால் டாஷ்போர்டில் எச்சரிக்கை வரும், வண்டி வெட்டி வெட்டி நகரும். எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன், எங்களிடம் வருவது ஒரே கம்பெனி வண்டியும் இல்லை. இதே டிராஃபிக்கில் ஒரு மணி நேரம் ஊர்ந்துவிட்டு, அதற்கப்புறம் 20–80 ஓட்டிப் பாருங்கள். உங்கள் அட்டவணையின் வரிசை அப்படியே நிற்குமா என்பது சந்தேகம்தான்.

ஈ20 பெட்ரோலால் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) மைலேஜும் பிக்கப்பும் போய்விட்டது என்று உங்கள் கட்டுரையாளர் போகிற போக்கில் ஒரு குட்டு வைத்திருக்கிறார். எத்தனாலில் லிட்டருக்கு ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதனால் மைலேஜ் அடிபடும் என்பது உண்மை. பிக்கப் போய்விட்டது என்பதை, பெட்ரோலைச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போ வண்டிகளுக்கு நான் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்ள மாட்டேன். எத்தனாலுக்கு ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் திறன்) அதிகம், ஆவியாகும்போது உள்ளே குளிர்விக்கவும் செய்கிறது. நாக்கிங் விஷயத்தில் அது உதவிதான்.

சோதனையில் ஓட்டுநர் மட்டும்தான், நிஜத்தில் நான்கு பேர் உட்கார்ந்தால் 280 கிலோ ஏறும். ஆயிரம் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் காருக்கு அது கால் பங்கு எடை. மேலே சொல்ல ஒன்றுமில்லை.

அதே அட்டவணையில் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐயையும் சேர்த்தது எதற்கு? 2025 மே மாதம் 53 லட்சம் ஷோரூம் விலையில் முழு இறக்குமதியாக வந்த கார் அது. 265 பிஎஸ், கம்பெனிக் கணக்கில் 0–100க்கு 5.9 விநாடி. 120 பிஎஸ் கார்களோடு அதை ஓட விட்டு, அது முதலில் வந்தது என்று எழுத ஒரு பக்கமா? அதைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது: நம் சாலையின் மேடுபள்ளத்தை அதன் டயர் தாங்குமா? அதன் டயர் 225/40 ஆர்18, பக்கச்சுவர் (ரிம்முக்கும் தரைக்கும் நடுவிலுள்ள ரப்பரின் உயரம்) வெறும் 90 மி.மீ. ஐ20 என் லைனின் 195/55 ஆர்16க்கு 107. சாலைகளுக்குத் தரம் வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டலில் வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும், 25 கி.மீ. வேகத்தில் கடக்கலாம். நம் தெருக்களில் உள்ளவை அந்த அளவைப் பார்த்ததே இல்லை. கொரட்டூர் உள்தெருக்களில் எந்தக் காரை எவ்வளவு வேகத்தில் பயமில்லாமல் ஓட்ட முடியும் என்று அளந்து பாருங்கள். 'நடைமுறை வேகம்' என்று ஒன்று இருந்தால் அது அங்கேதான் தீர்மானமாகிறது.

தயவுசெய்து இதையெல்லாம் ஈசிஆரில் போய்ச் சோதிக்க வேண்டாம். அங்கே ஏற்கெனவே போதுமான அளவுக்குச் சோதனை நடக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. பந்தயப் பாதை இருக்கிறது. ஐ20 தயாராகும் தொழிற்சாலையும் அதே ஊர்தான். ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். மே மாதம், மதியம் இரண்டு மணி, ஏசி போட்டு, நான்கு பேரோடு. ஐந்து தடவை ஓட்டினால் ஐந்தையும் அச்சிடுங்கள், சிறந்ததை மட்டும் வேண்டாம். முதல் ஓட்டத்துக்கும் ஐந்தாவதுக்கும் உள்ள இடைவெளி எந்தக் காரில் குறைவோ, அதைத்தான் நான் வாடிக்கையாளருக்குச் சிபாரிசு செய்வேன். 60லிருந்து பிரேக் பிடித்து நிற்கும் தூரத்தையும் அதே மாதிரி ஐந்து முறை எடுங்கள், முடிந்தால் தரையை நனைத்து ஒரு தடவை.

பழைய வண்டியும் ஒன்று ஒப்பீட்டில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றினால் சொல்லி அனுப்புங்கள். எங்கள் வாடிக்கையாளர் ஒருவரிடம் நல்ல நிலையில் அபார்த் புன்டோ ஒன்று இருக்கிறது. கேட்டுப் பார்க்கிறேன். அவர்தான் ஓட்டுவார், வேறு யாருக்கும் சாவி தர மாட்டார்.

இப்படிக்கு,
ஒர்க்‌ஷாப் நடத்தும் வாசகர்,
அம்பத்தூர், சென்னை