தாங்குவது சுவரன்று, மரச்சட்டம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் பழைய பண்ணை வீடுகள் குறித்துத் தங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரை, அவற்றின் சுவர்கள் பல நூற்றாண்டுகளாகக் கூரையைத் தாங்கி நிற்பதாகக் கூறியிருந்தது. உண்மையில் அச்சுவர்கள் எதையும் தாங்குவதில்லை. பாரம் முழுவதும் ஓக் மரச்சட்டத்தின் மீதே இறங்குகிறது. சட்டத்தின் இடைவெளிகளில் வரிச்சு கட்டி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்து அப்பியதே சுவர்.

இதற்குப் பேலீஃப் பண்ணை வீட்டைவிடச் சிறந்த சான்று இல்லை. கென்ட் மாவட்டத்துச் சிடிங்ஸ்டன் பகுதியில் 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட அவ்வீடு, பௌ பீச் நீர்த்தேக்கத்துக்காக இடம்விட வேண்டியிருந்தபோது, 1968-69-இல் மரம் மரமாகக் கழற்றப்பட்டு, பின்னர் சசெக்ஸின் சிங்கிள்டனில் உள்ள திறந்தவெளி அருங்காட்சியகத்தில் மீண்டும் பூட்டி நிறுத்தப்பட்டது. ஒரு மரத்தின் நுனியில் செதுக்கிய கழுந்தை மற்றொரு மரத்தின் துளையில் செருகி மர ஆணியால் இறுக்கிய மூட்டுகள் என்பதால்தான் அது இயன்றது. அக்காலத் தச்சர்கள் ஓக் மரத்தைப் பச்சையாகவே இழைத்து, எந்த மரம் எதனோடு சேரும் என்பதற்கு மூட்டுதோறும் குறி வெட்டி வைத்தனர். பின்னாளில் மரம் உலர்ந்து சுருங்கியதால் வந்த கோணலைக் கட்டுரையாளர் கட்டுமானப் பிழை என எழுதியது எனக்கு வருத்தம் அளித்தது.

அவ்வீட்டின் நடுக்கூடம் தரையிலிருந்து கூரைவரை திறந்தே இருக்கிறது. புகைபோக்கி இல்லை, தரையில் மூட்டிய நெருப்பின் புகை மேலெழுந்து கூரையின் முனைத் துளைகள் வழியே வெளியேறியது. இத்தகைய கூடங்களின் கூரை மரங்களில் படிந்த கரியைக் கொண்டே அறிஞர்கள் அவற்றின் பழமையை உணர்கின்றனர். கூடத்தின் இருபுறமும் மாடி அறைகள் முன்தள்ளி நிற்க, நடுப்பகுதி இறவாரத்தின் கீழ் உள்வாங்கியிருப்பது அவ்வட்டாரத்து வீடுகளின் தனி அடையாளம். ஒரு பக்கத்து மாடிப் பகுதி ஏறத்தாழ 1510-இல் புதிதாகக் கட்டப்பட்டது. பழைய சட்டத்தோடு அதைச் சேர்த்த பாங்கு வியப்புக்குரியது.

மேலும், படத்தில் கண்ட, கறுப்பு மரமும் வெள்ளைச் சுவருமான தோற்றத்தைக் கட்டுரை தொன்மையானது என்கிறது. மரத்துக்குக் கறுப்புப் பூசும் வழக்கம் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டில் பரவியது. வெயிலிலும் மழையிலும் நின்ற ஓக், வெள்ளி கலந்த சாம்பல் நிறத்தையே அடையும்.

இத்திருத்தங்களை வெளியிடுவதோடு, இனி இத்தகைய வீடுகளை ‘மரச்சட்ட வீடுகள்’ என்றே குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்