கட்டைவிரலையும் கொஞ்சம் பாருங்கள்: சேலம் மாவட்ட மருத்துவ அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஏற்காட்டு மலைக் கிராமங்களில் கட்டைவிரலின் அடிமூட்டு, அதாவது மணிக்கட்டை ஒட்டிய மூட்டு, தேய்ந்து அவதிப்படும் முதிய பெண்களைப் பற்றி முன்பே தங்களிடம் முறையிட்டிருக்கிறோம். ஆகவே பழைய மனுக்களில் உள்ளதை மீண்டும் விரிக்கவில்லை. அண்மையில் என் அம்மா 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கிக் கீழே ஒரு மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே அவர் கையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் வலி மாத்திரையும், வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகள் என்று ஒரு தாளும் கொடுத்து அனுப்பினார்கள். அந்தத் தாளில் இருந்தவை அத்தனையும் முழங்கால் பயிற்சிகள்.

தாள் போகட்டும், மாத்திரை அட்டையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கி எடுக்கக் கட்டைவிரலால் அழுத்தியாக வேண்டும். அம்மாவால் அது முடிவதில்லை. பல்லால் கடித்துப் பார்ப்பார், பிறகு அரிவாள்மனையில் வைத்து நறுக்குவார், மாத்திரை உடைந்து பாதி அடுப்படியில் எங்கோ உருண்டோடிவிடும். வீட்டில் யாரும் இல்லாத நாளில், பக்கத்து வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை வலியோடு காத்திருப்பார். கட்டைவிரல் வலிக்கான மாத்திரையை விழுங்கவே வலியில்லாத கட்டைவிரல் ஒன்று வேண்டும் என்பது எழுதிக் கொடுத்தவருக்குத் தோன்றியிருக்க வேண்டாமா?

வயதானால் வரத்தான் செய்யும் என்ற பதிலைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. மாதவிடாய் நின்ற பெண்களிடம் இது மிகுதி என்பது உண்மைதான். ஆனால் விரல் நுனியில் ஒரு கிலோ அளவுக்குக் கிள்ளிப் பிடித்தால் அடிமூட்டில் ஏறத்தாழ 12 கிலோ சுமை ஏறுகிறது என்பதும் உண்மை. பருவம் முழுவதும் காப்பிப் பழத்தை ஒவ்வொன்றாகத் திருகிப் பறிக்கும் கைக்கும், சேலத்தில் குறடு பிடித்துக் கொலுசு வளையம் கோக்கும் கைக்கும் இந்தக் கணக்கை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? சொல்லாததோடு, பந்தை இறுக்கிப் பிசையுங்கள் என்று அனுப்புவதும் நடக்கிறது. அடிமூட்டு வலிக்கும் பலருக்கு அது வலியைக் கூட்டவே செய்யும்.

தேவைப்படும் பயிற்சி எளிமையானது. கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே இறுகிப்போன சதையை மெல்லப் பிசைந்து தளர்த்த வேண்டும். டம்ளரைப் பிடிப்பதுபோல் கையை வளைத்து விரிக்க வேண்டும். கட்டைவிரல் நுனியை மற்ற விரல் நுனிகளோடு சேர்த்து, மூட்டு மடங்கி உள்ளே விழாமல், வட்டமாக வைத்துப் பழக வேண்டும். ஆட்காட்டி விரலை ரப்பர் பேண்டின் இழுப்புக்கு எதிராகப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். இதனால் தேய்ந்த மூட்டு புதிதாகிவிடாது. கிடைக்கும் பலன் அளவானதே, விட்டுவிட்டால் அதுவும் குறைந்துவிடும். அதனால்தான் ஒருமுறை தாள் கொடுத்தால் போதாது, நேரில் கை பிடித்துக் கற்றுத்தந்து மறுபடி வந்து பார்க்க ஆள் வேண்டும் என்கிறோம். கை மூட்டுத் தேய்மானத்துக்கு ஐரோப்பிய வாதநோய் அமைப்பு 2018-இல் புதுப்பித்த பரிந்துரைகளிலும் நோய் பற்றிய விளக்கம், பயிற்சி, கட்டைவிரலைத் தாங்கும் ஸ்பிளின்ட் என்னும் பட்டை ஆகியவை இடம்பெற்றிருக்கின்றன.

மலையிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு, குறித்த ஒரு நாளில், கைப்பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவர் வர வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலேயே வீடு தேடி வரும் பிசியோதெரபிக்கு இடமிருக்கிறது; அதில் கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறோம், அவ்வளவுதான்.

முகாம் நடத்தினோமே என்பீர்கள். பந்தலும் பேனரும் பார்த்தோம். இரத்த அழுத்தம் பார்த்தீர்கள், சர்க்கரை பார்த்தீர்கள், நன்றி. ரேஷன் கடையில் அரிசி வாங்கக் கட்டைவிரல் ரேகை கேட்கும் அரசுக்கு அந்த விரல் இருக்குமிடம் தெரியாது என்று சொல்ல முடியாது. ரேகை அழிந்துபோன விரலை எந்திரத்தில் திரும்பத் திரும்ப அழுத்தச் சொல்வதற்கு மட்டும் எங்கும் ஆள் இருக்கிறது.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கார்த்திகையில் பழம் பறிப்புத் தொடங்குவதற்குள், கைப்பயிற்சி தெரிந்த ஒருவரை மலைக்கு அனுப்பிவைக்குமாறும், எந்த நாளில் எந்த நிலையத்துக்கு வருவார் என்பதைத் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகங்களில் ஒட்டுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஏற்காட்டுத் தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகள்