மனு வராதவர்களுக்கு ஓர் அஞ்சலட்டை: சிறைத்துறைத் தலைவருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்
துறைத் தலைவர் அவர்கள்,
தமிழ்நாடு சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறை,
சென்னை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். புழல் மத்தியச் சிறையில் நேர்காணலுக்கு, அதாவது நேரில் சந்திக்க, மனு போட்டுப் பார்க்க ஆள் வராத, யாரிடமிருந்தும் கடிதம் வராத சிறைவாசிகளுக்குச் சென்னை மக்கள் முறைப்படி கடிதம் எழுதத் தங்கள் துறையே ஒரு வழி ஏற்படுத்தித் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். தங்கள் பார்வைக்கு மட்டும் அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் உண்டு. இதில் துறை செய்ய வேண்டியது பாதி வேலைதான். மறுபாதியைச் செய்ய வேண்டியவர்கள் இந்த நகரத்தில் படிக்கவும் எழுதவும் தெரிந்த நாங்கள்.

நேர்காணலும் தொலைபேசியும் காணொலி அழைப்பும் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். அவை யாவும் வெளியே ஓர் ஆள் இருப்பவர்களுக்கு உரிய வசதிகள். பெற்றோர் இறந்து, மனைவி பிறந்த வீட்டுக்குப் போய், உடன்பிறந்தவர்கள் ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி ஒதுங்கிவிட்ட ஓர் ஆயுள் கைதி எந்த எண்ணை அழைப்பார்? உறவுகள் ஒதுங்குவதைக் கல்நெஞ்சம் என்று சொல்லிவிடவும் என் மனம் ஒப்பவில்லை. தருமபுரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து புழலுக்கு வந்து போக ஒரு நாள் கூலி போகும், பேருந்துச் செலவு ஆகும். அத்தனையும் செய்து வந்தாலும் கிடைப்பது தடுப்புக்கு அப்பால் நிற்கும் முகத்தோடு சில நிமிடப் பேச்சு. முதலிரண்டு ஆண்டுகள் மாதந்தோறும் வருவார்கள்; பிறகு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவார்கள்; அதன் பிறகு வருவதில்லை.

இதை நான் ஏட்டறிவாகச் சொல்லவில்லை. எங்கள் தெருவில் இட்லிக்கடை வைத்திருந்த ஒரு அம்மா, எழுதப் படிக்கத் தெரியாதவர், ஆயுள் தண்டனை பெற்ற தம் மகனுக்கு என்னைக் கொண்டுதான் கடிதம் எழுதுவார். கடையில் கூட்டம் குறைந்த பிறகு வந்து திண்ணையில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். அரிசி விலை, பக்கத்து வீட்டுப் பெண்ணின் வளைகாப்பு, குழாயில் தண்ணீர் வந்த நேரம் என்றுதான் அவர் சொல்லிக்கொண்டே போவார். "சாப்பிட்டியா சாமி, உடம்பப் பாத்துக்கோ" என்பது மட்டும் ஒவ்வொரு கடிதத்திலும் இருக்கும். அந்த அம்மா காலமான பிறகு, அந்த மகனுக்கு என் பெயரிலேயே தொடர்ந்து எழுதி வருகிறேன்.

அவரிடமிருந்து வரும் பதில்கள் கோடு போட்ட தாளில், ஓரம்கூட விடாமல் நெருக்கி எழுதப்பட்டிருக்கும்; தாளின் தலையில் சிறை அலுவலகத்தின் முத்திரை இருக்கும். பூங்கா நகரில் இருந்த பழைய மத்தியச் சிறை 2006-இல் மூடப்பட்டுப் புழலுக்கு மாற்றப்பட்டபோது மாறி வந்தவர்களில் அவரும் ஒருவர். பழைய சிறையில் இரவில் படுத்திருந்தால் சென்ட்ரலுக்கு வரும் ரயில்களின் ஊதல் கேட்கும் என்றும், நெடுநேரம் தூங்காமல் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார் என்றும் ஒருமுறை எழுதியிருந்தார். அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தார். நான் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அங்கே மருத்துவக் கல்லூரிக் கட்டடம் எழும்பியிருப்பதையும், வெள்ளைக் கோட்டைக் கையில் தொங்கவிட்டபடி மாணவிகள் தேநீர் குடித்துக்கொண்டிருந்ததையும், சாலைக்கு அடியில் மெட்ரோ ரயில் ஓடுவதையும் இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். அந்தக் கடிதத்தை அவருடைய பிளாக்கில் ஐந்தாறு பேர் வாங்கிப் படித்தார்களாம். தமக்குக் கடிதமே வராத ஒருவர், "உங்க சாரு எனக்கும் ரெண்டு வரி எழுதுவாரா?" என்று கேட்டிருக்கிறார். இம்மடலை எழுதத் தூண்டியது அந்தக் கேள்விதான்.

குற்றத்தால் பாதிக்கப்பட்ட குடும்பங்களை மறந்து நான் பேசவில்லை. ஒரு கொலையில் பிள்ளையை இழந்த தாய், கொன்றவனுக்கு ஆறுதல் கடிதம் எதற்கு என்று கேட்டால் அவரிடம் வாதாட எனக்கு வாய் வராது. ஆனால் நீதிமன்றம் விதித்தது சிறைவாசம். மனிதப் பேச்சே காதில் விழாமல் போக வேண்டும் என்று எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. கடிதத்தால் தண்டனையில் ஒரு நாளும் குறையாது. தண்டனை முடிந்து அவர் திரும்பப்போவது நம் தெருக்களுக்குத்தான். அப்போது அவருக்கு வெளியுலகில் பேசத் தெரிந்த ஒரு மனிதராவது இருப்பது எல்லோருக்கும் நல்லது என்று உறுதியாக நம்புகிறேன்.

சட்டமும் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை. 2015-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளில் 58-ஆவது விதி, சிறைவாசிகள் உரிய கண்காணிப்புடன் குடும்பத்தாரோடும் நண்பர்களோடும் கடிதம் வழியாகவும் தொடர்பு கொள்ள அனுமதிக்கப்பட வேண்டும் என்கிறது. குடும்பத்தாரோடு நிறுத்தாமல் நண்பர்களையும் சேர்த்திருப்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில் தொடக்க ஆண்டுகளில் மண்டேலாவுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம்தான் அனுமதிக்கப்பட்டது. அவ்விதிகள் அவர் பெயரைத் தாங்கியிருப்பது பொருத்தம்தான்.

பாதுகாப்பு குறித்துத் தங்களுக்கு எழும் ஐயம் நியாயமானது. கடித உறைக்குள் எதையும் மறைத்து அனுப்ப முடியும். உள்ளே வரும் ஒவ்வொரு கடிதத்தையும் படித்துப் பார்க்கும் வேலை ஏற்கெனவே அலுவலர்களுக்கு இருக்கிறது. அதனால்தான் அஞ்சலட்டை போதும் என்கிறேன். விலை ஐம்பது காசு. மடிப்பு இல்லை, ஒட்டு இல்லை, எழுதியது முழுவதும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். எழுதுவோரின் வீட்டு முகவரி உள்ளே போகவும் வேண்டாம். அண்ணா சாலையிலுள்ள தேவநேயப் பாவாணர் மாவட்ட மைய நூலகம் போன்ற ஒரு பொது இடத்துக்குப் பதில்கள் வந்து சேரும்படி நூலகத் துறையுடன் பேசி ஏற்பாடு செய்யலாம். வழக்கைப் பற்றிய பேச்சு, பண உதவி, உபதேசம் ஆகிய மூன்றும் கூடாது என்று எழுதுவோரிடம் முன்கூட்டியே உறுதிமொழி வாங்கலாம். உபதேசத்தை நான் வேண்டுமென்றேதான் சேர்த்தேன். திருந்து, திருந்து என்று சொல்ல உள்ளே பலர் இருக்கிறார்கள். இன்று மாதவரத்தில் மழை பெய்ததா என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

யாருக்குக் கடிதம் தேவை என்பதைச் சிறை நல அலுவலர்கள் அறிவார்கள். நேர்காணல் பதிவேட்டைப் புரட்டினாலே நெடுநாளாக யாரும் வராதவர்கள் யார் என்பது தெரிந்துவிடும். அவர்களிடம் விருப்பம் கேட்டு, சம்மதிப்பவர்களை மட்டும் சேர்த்தால் போதும். எழுதத் தெரியாதவர்களுக்கு, உள்ளே எழுத்தறிவு வகுப்பு எடுப்பவர்களும் பொதுத் தேர்வுக்குப் படிக்கும் சக சிறைவாசிகளும் எழுதிக் கொடுக்கலாம். ஒருவர் வேலூருக்கோ கடலூருக்கோ மாற்றப்பட்டால், அவர் பெயருக்கு வரும் அட்டை அவர் பின்னாலேயே போய்ச் சேரும்படி ஒரு நடைமுறை வேண்டும். பழகிய கடிதம் திடீரென நின்றுபோவது, கடிதமே வராமல் இருப்பதைவிடக் கொடியது.

இந்திய அளவில் 2022-ஆம் ஆண்டு இறுதியில் சிறைகளில் இருந்தவர்களில் 75 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் விசாரணைக் கைதிகள். அவர்கள் எப்போது ஜாமீனில் போவார்கள் என்பது தெரியாததாலும், வழக்கு நடந்துகொண்டிருப்பதாலும், தண்டனைக் கைதிகளிடமிருந்தும் பெண்கள் தனிச்சிறையிலிருந்தும் தொடங்குவதே சரி என்பது என் கருத்து. சிறை சென்ற ஆணைப் பார்க்கத் தாயோ மனைவியோ வந்து நிற்பதுண்டு. சிறை சென்ற பெண்ணைப் பார்க்க அப்படி வந்து நிற்போர் அரிது.

சென்னைப் புத்தகக் காட்சியில் 'கூண்டுக்குள் வானம்' என்ற பெயரில் சிறை நூலகங்களுக்காகத் தங்கள் துறை புத்தகங்களைத் திரட்டியதும், மக்கள் தாங்கள் வாங்கிய நூல்களைத் தயங்காமல் கொடுத்துவிட்டுப் போனதும் தாங்கள் அறிந்ததே. அடுத்த காட்சியில் அதே போன்ற அரங்கில் ஒரு மேசையையும் ஒரு கட்டு அஞ்சலட்டைகளையும் வைக்கத் தாங்கள் அனுமதிக்க வேண்டும். அட்டைகளின் செலவை நாங்களே ஏற்றுக்கொள்கிறோம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் முறை போட்டு அங்கே அமர்ந்து எழுதுவோருக்கு விதிகளை விளக்கவும், எழுதிய அட்டைகளை ஒருமுறை படித்து, பிரித்து, கட்டி நல அலுவலரிடம் ஒப்படைக்கவும் ஆயத்தமாக இருக்கிறோம். இதற்குப் பொறுப்பாக ஓர் அலுவலரை நியமித்து எங்களுக்குத் தெரிவித்தால், அடுத்த வாரமே அவரைச் சந்தித்துப் பேச வருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
மாதவரம், சென்னை.