காலி டேங்கில் நெருப்பு வைக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய புல்லட் மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்கை வீட்டிலேயே ஒடுக்கு எடுத்து, துரு நீக்கி, வண்ணம் பூசிப் புதிதாக்கும் முறை பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பிதழில் வந்திருந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ரயில்வே பணிமனையில் 34 ஆண்டுகள் தகட்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என் தந்தையார் 1974-இல் வாங்கிய புல்லட் இன்றும் எங்கள் வீட்டுத் திண்ணையோரம் நிற்கிறது. அதனால் இப்படியொரு பொருளை எடுத்துக்கொண்டு இரண்டு பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும். ஆனால், "டேங்கைக் காலி செய்து, சோப்புத்தூள் போட்டு இரண்டு தடவை அலசிவிட்டு, ஓட்டை உள்ள இடத்தில் ஈயப்பற்று வைத்துக்கொள்ளலாம்" என்று அதில் போகிற போக்கில் ஒரு வரி இருந்தது. ஈயப்பற்று என்றால் ஈயத்தை உருக்கி ஒட்டுவது; அதற்கு நெருப்புக் காட்டியாக வேண்டும். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

பெட்ரோல் நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்தானது என்பதை மெக்கானிக்குகளில்கூடப் பலர் நம்புவதில்லை. எரிவது திரவமன்று, அதன் மேல் எழும் ஆவி. அந்த ஆவியும் தனியாக வெடிப்பதில்லை; காற்றோடு ஏறத்தாழ 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதம் வரை கலந்திருக்கும்போதுதான் வெடிக்கிறது. நிறைந்த டேங்கில் காற்றுக்கு இடமில்லை, ஆவி மிகுதி. காலி செய்த டேங்கில் காற்று தாராளமாக இருக்கிறது, ஆவியோ தேவையான அளவுக்கு மட்டும் இருக்கிறது. சுமார் 14 லிட்டர் பிடிக்கும் ஒரு டேங்கை எடுத்துக்கொண்டால், அரைத் தேக்கரண்டி பெட்ரோல் உள்ளே ஆவியானாலே அந்த வரம்புகளின் நடுவே போய் நிற்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது என்பதால், மூடியைத் திறந்து வைத்துவிட்டால் பறந்து போய்விடும் என்பதும் தவறு. அது அடியில் படிந்து, அடித்தட்டு மடிப்புகளுக்குள் தங்கிவிடும். பத்து ஆண்டுகள் ஓடாமல் நின்ற வண்டியென்றால், பெட்ரோல் வற்றி அரக்குப் போலப் படிந்த பிசின் துருவுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். சோப்புத்தண்ணீர் அதைத் தொடுவதில்லை. குளிர்ந்திருக்கும்போது மூக்குக்கு எட்டாத அந்தப் பிசின், தகடு சூடேறியதும் மறுபடியும் ஆவியாகக் கிளம்பும்.

இதை ஏட்டறிவாகச் சொல்லவில்லை. 1996-இல் எங்கள் டேங்கின் பின்புற அடி மூலையில் குண்டூசித் தலை அளவுக்கு ஓர் ஓட்டை விழுந்தது. பெட்ரோலைவிடத் தண்ணீர் கனமானது. டேங்குக்குள் சேரும் தண்ணீர் கீழ் மூலையில்தான் போய் நிற்கும், அதனால் துருவும் அங்கேதான் முதலில் தின்னும். வெந்நீரும் சோப்புத்தூளும் போட்டு மூன்று தடவை அலசினேன். மொட்டை மாடியில் இரண்டு நாள் வெயிலில் கவிழ்த்து வைத்தேன். டேங்கின் வாயில் மூக்கை வைத்து முகர்ந்தும் பார்த்தேன். துருவாடை மட்டுமே வந்தது. தகட்டு வேலைக்காரன் என்ற கர்வமும் கொஞ்சம் இருந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஈயம் உருக்கும் ப்ளோ லேம்பின் சுடரை அந்த மூலையில் காட்டிய அரை நிமிடத்தில் 'டம்' என்று ஒரு சத்தம். திறந்திருந்த வாய் வழியாக ஒரு முழ நீளத்துக்கு நெருப்பு வந்து அடங்கியது. மூடி திறந்திருந்ததாலும், என் முகம் வாய்க்கு நேராக இல்லாமல் ஒரு சாண் தள்ளி இருந்ததாலும் புருவத்தோடு போயிற்று. டேங்கின் அடித்தட்டு பூரிபோல உப்பிவிட்டது. அடுப்படியிலிருந்து ஓடி வந்த என் தாயார், என்னைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் ப்ளோ லேம்பை எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றடித் தொட்டியில் போட்டுவிட்டார். இத்தனைக்கும், பெட்ரோலியம் ஏற்றிய டேங்க் வேகனில் நெருப்பு வேலை செய்வதென்றால் நீராவி விட்டுக் கழுவி, உள்ளே ஆவி இல்லை என்பதைக் கருவி வைத்துப் பார்த்த பிறகுதான் தொட வேண்டும் என்பது எனக்குத் தெரியாததன்று. வீடு என்றால் சட்டம் வேறு என்று நினைத்ததுதான் பிழை.

ஆகவே ஓட்டை உள்ள டேங்குக்கு வீட்டில் வைத்தியம் கிடையாது. வழியில் ஒழுகத் தொடங்கினால் சலவை சோப்புக்கட்டியை அந்த இடத்தில் அழுத்தித் தேய்த்து வீடு வந்து சேரலாம். பெட்ரோலில் சோப்பு கரையாது என்பதால் லாரிக்காரர்கள் கையாளும் நல்ல உபாயம் அது. நிரந்தரமாக அடைக்க வேண்டுமானால், டேங்க் வேலையே தொழிலாக வைத்திருக்கும் பட்டறைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். டேங்கை முறையாகக் கழுவி, பற்று வைக்கும் இடத்தை உயரத்தில் வைத்து, அதற்குச் சற்றுக் கீழ் வரை தண்ணீர் நிரப்பி, ஆவிக்கு இடமே கொடுக்காமல் வேலை செய்யும் ஆட்கள் இருக்கிறார்கள். கொடுக்கும் முன் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். "ஒண்ணும் ஆகாது சார்" என்பதுதான் பதிலென்றால் டேங்கைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுவது நல்லது.

கட்டுரையில் கண்ட இன்னொரு யோசனையையும் இங்கேயே மறுத்துவிடுகிறேன். டேங்கின் எல்லா வாய்களையும் அடைத்துவிட்டுக் கம்ப்ரசரால் காற்றேற்றினால் ஒடுக்கு தானாக வெளியே வந்துவிடும் என்று எழுதியிருந்தார்கள். ஒரு பக்கத் தகட்டின் பரப்பு 500 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் கொடுத்தாலே அதன்மேல் 500 கிலோ விசை இருக்கும். ஒடுக்கு வெளியே வருமோ இல்லையோ, வளைந்த பக்கங்கள் உப்பிவிடும். துருப்பிடித்த மடிப்பு எங்காவது கிழிந்தால் பக்கத்தில் நிற்பவர் கதி என்ன?

இவற்றை விட்டால் மற்ற வேலைகளில் பெரும்பாலானவற்றை வீட்டில் செய்யலாம், பொறுமை உள்ளவர்கள் பட்டறைக்காரரைவிட நன்றாகவே செய்யலாம். பட்டறையில் நேரம் பணம், நமக்கு அப்படியில்லை.

துருவிலிருந்து தொடங்குவதே முறை. குளியலறை கழுவும் ஆசிட்டை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்; அது துருவையும் தின்னும், தகட்டையும் தின்னும். லிட்டருக்கு 50 முதல் 100 கிராம் வரை சிட்ரிக் அமிலம் கரைத்த தண்ணீரை முழுக்க நிரப்பி ஓர் இரவு வைத்தால் போதும். பித்தளைக் குடத்துக்குப் புளி போட்டுத் துலக்கும் அதே சங்கதிதான். சலவைச் சோடா கரைத்து பேட்டரி சார்ஜரால் மின்சாரம் பாய்ச்சும் முறையும் நல்லதே. சார்ஜரின் எதிர்முனை டேங்கோடும், நேர்முனை டேங்கைத் தொடாமல் உள்ளே தொங்கும் இரும்புக் கம்பியோடும் இருக்க வேண்டும். அந்தக் கம்பிக்குப் பதிலாக எவர்சில்வர் கரண்டியைத் தொங்கவிடுவது பலர் செய்யும் தவறு. அதிலுள்ள குரோமியம் கரைந்து தண்ணீரே நஞ்சாகிவிடும். இந்த முறையில் ஹைட்ரஜன் வாயு வெளிவருகிறது என்பதால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். எந்த முறையானாலும் ஒன்றை மறக்கக் கூடாது. அமிலம் பட்டு வெள்ளையாக வந்த இரும்பு சில நிமிடங்களிலேயே மஞ்சள் பூத்துவிடும். சமையல் சோடா கரைத்த நீரால் அலசி, நல்ல தண்ணீரில் கழுவி, உச்சி வெயிலில் உடனே உலர்த்தி, உலர்ந்த கையோடு எண்ணெய் ஊற்றிக் குலுக்கிவிட வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்பவர் மறுநாள் முதலிலிருந்து தொடங்குவார்.

இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அளவு மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கும். துரு வராதிருக்க முன்பு டேங்கின் உட்புறம் பூசிய பழைய பிசின் பூச்சுகள் பல எத்தனாலில் இளகி, தோல் தோலாக உரிந்து கார்பரேட்டரை அடைக்கின்றன. உள்பூச்சு வேண்டுமென்பவர்கள், எத்தனால் தாங்கும் என்று டப்பாவில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். என்னைக் கேட்டால் சுத்தமான தகடும், நிறுத்தும்போது நிறைந்த டேங்கும் போதும்.

ஒடுக்கு எடுப்பதுதான் இதில் ரசமான வேலை. டேங்க் மூடிய பாத்திரம். சுத்தியலுக்கு எதிராக உள்ளே கட்டை பிடிக்க வழியில்லை. பெட்ரோல் ஊற்றும் வாய் வழியாக நுழையும்படி வளைத்த இரும்புக் கம்பியின் முனையில் தோல் சுற்றி, அந்த வாயின் விளிம்பையே நெம்புபுள்ளியாக்கி, உள்ளிருந்து மெதுவாகத் தள்ள வேண்டும். அவசரக்காரர்கள் பள்ளத்தின் நடுவில் ஓங்கித் தள்ளுவார்கள். தகடு அங்கே நீண்டுவிடும். நீண்ட தகடு விரலால் அழுத்தினால் 'டொக்' என்று உள்ளே போகும், விட்டால் 'டொக்' என்று வெளியே வரும், எந்தக் காலத்திலும் சொன்ன பேச்சைக் கேட்காது. பள்ளம் விழுந்தபோது கடைசியாக மடங்கியது விளிம்பு. ஆகவே விளிம்பிலிருந்து சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வர வேண்டும், மேலே எழும்பிய இடங்களைக் கொட்டாப்புளியால் மெல்லத் தட்டிக்கொண்டே வர வேண்டும். கம்பி எட்டாத இடத்தில் சூடான பசையால் குமிழ் ஒட்டி இழுக்கும் கருவி இப்போது கிடைக்கிறது. டேங்கில் தண்ணீர் நிரப்பிவிட்டு அதைப் பயன்படுத்துங்கள். கண்ணை நம்பாமல் கையை நம்ப வேண்டும். மெல்லிய மல் துணியை உள்ளங்கையின் கீழ் வைத்து நீளவாக்கில் தடவிப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத அலைகூடக் கைக்குத் தெரியும்.

தகடு ஒழுங்காக வந்தால், மேடுபள்ளத்தை நிரப்பிச் சமன் செய்யும் பசையான பட்டிக்கு வேலை குறைவு. இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் பட்டி பூச வேண்டிவந்தால் தகட்டு வேலை முடியவில்லை என்று பொருள். புல்லட்டின் ஒற்றைச் சிலிண்டர் அதிர்வில் கனத்த பட்டி ஓராண்டுக்குள் விரிசல் விடும். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் சின்னக் காந்தம் ஒன்றைச் சட்டைப்பையில் கொண்டுபோனால் போதும். டேங்கில் எங்கே அது ஒட்டாமல் வழுக்குகிறதோ அங்கே பட்டி புதைந்திருக்கிறது. வாட்டர் பேப்பரை நனைத்துப் பட்டியின்மேல் தேய்க்கும் பழக்கத்தையும் விட வேண்டும். பட்டி ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு, பிறகு வண்ணத்தைக் கொப்புளமாக எழுப்பும். காய்ந்த உப்புத்தாளால் தேய்த்து பிரைமர் என்னும் அடிப்பூச்சு அடித்த பிறகு தண்ணீர் படட்டும்.

வடிவத்தையே மாற்றிப் பக்கங்களைக் குழித்துப் பந்தய வண்டிபோல ஆக்கலாம் என்ற யோசனை பற்றி ஒரு வார்த்தை. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வாகனங்களை விண்டேஜ் என்று பதிவு செய்ய 2021-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. வண்டி அசல் வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. எங்கள் வண்டி அந்த வயதை எட்டிவிட்டது. பழைய டேங்கைக் கழற்றி வைத்துவிட்டு வேறொரு டேங்கில் கைவரிசையைக் காட்டுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

வண்ணம் அடிப்பதில் வீட்டுக்காரருக்கு ஒரு தர்மசங்கடம் உண்டு. என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் எளிது, சீக்கிரம் காயும். ஆனால் பெட்ரோல் போடும்போது நான்கு சொட்டுச் சிந்தினால் வாய்ப்பக்கம் இளகி மங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அடித்தால் வெண்மையாகப் பூத்தும் போகும். பி.யூ. (பாலியூரித்தேன்) பெயின்ட் பெட்ரோலைத் தாங்கும். ஆனால் அதன் கடினமாக்கியில் உள்ள ஐசோசயனேட் மூச்சுக்குழலைத் தாக்கி ஆயுள் முழுக்க இழுப்பைக் கொடுக்கக்கூடியது. முகத்தில் கட்டிய கைக்குட்டை அதைத் தடுக்காது. பிரைமர் வரை வீட்டில் முடித்துவிட்டு, கடைசிப் பூச்சுக்கு மட்டும் சரியான முகமூடியும் பூச்சறையும் உள்ள கடையில் கொடுப்பதே என் வழக்கம்.

டேங்கின்மேல் தங்க நிறக் கோடு இழுக்கும் வேலையை மட்டும் நான் யாரிடமும் கொடுப்பதில்லை. புல்லட் தயாரித்த சென்னை திருவொற்றியூர் ஆலையில் அந்தக் கோட்டினை, அளவுகோல் இல்லாமல், ஒரே மூச்சில் கையால் இழுத்தார்கள். எங்கள் பழைய டேங்கைக் குனிந்து பார்த்தால், வலது பக்கக் கோடு முடியும் இடத்தில் தூரிகை தூக்கிய தடம் தெரியும். அதைப் போல இழுத்துப் பழக எவர்சில்வர் தட்டுகள் எத்தனையோ வீணாக்கியிருக்கிறேன். இடது பக்கம் இன்னும் கொஞ்சம் நடுங்குகிறது.

கோடை விடுமுறை தொடங்கப்போகிறது. அந்தக் கட்டுரையைக் கத்தரித்து வைத்திருப்பவர்களில் சிலராவது இந்த மாதம் டேங்கைக் கழற்றுவார்கள். சோப்புத்தூள் அலசல், கம்ப்ரசர் காற்று ஆகிய இரண்டு யோசனைகளுக்கும் திருத்தத்தை அதே இணைப்பிதழில், கட்டுரை வந்த அதே பக்கத்தில், அடுத்த ஞாயிறே வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தகட்டு வேலைக்காரர் ஒருவர்,
பொன்மலை, திருச்சிராப்பள்ளி.