மயிலிறகு ஸ்லீவ் வந்துடுச்சு

பாப்பா,

என் கை வீக்கத்துக்கு இறுக்கமா போட்டுக்கிற அழுத்த ஸ்லீவ், நீ அனுப்பினது கிடைச்சுது. நீலத்துல மயிலிறகு டிசைன், போட்டுட்டு நின்னா உங்கப்பா என்னடி இந்த வயசுல டாட்டூவானு கேக்குறார்.

ஆனா ஒண்ணு சொல்றேன் கோச்சுக்காத, சைஸ் சரியில்லடி. மேல்கைல இறுக்கி மணிக்கட்டுல லூசா இருந்துச்சு, சாயங்காலத்துக்குள்ள விரலெல்லாம் உப்பி மடக்கவே முடியல. பிசியோ பொண்ணுகிட்ட காட்டினேன், நல்லா திட்டு வாங்கினேன். பிடிப்பு மணிக்கட்டுல அதிகமாவும் மேல போகப்போக குறைஞ்சும் இருக்கணுமாம், அப்பதான் தேங்கின நீர் மேல ஏறும், தலைகீழா இருந்தா நீர் கைக்குள்ளயே நின்னுடும். ஆபரேஷன்ல அக்குள்ல இருந்த நிணநீர் முடிச்சுகள எடுத்ததுக்கப்புறம் வடியுற வழியே குறைவுதானே. காலைல வீக்கம் கம்மியா இருக்கும்போதே மணிக்கட்டு, முழங்கை, மேல்கை, நீளம் எல்லாம் டேப் வெச்சு அளந்து எழுதிக்கொடுத்தா. டாக்டர் எனக்கு சொன்ன அழுத்தம் 20ல இருந்து 30 mmHg (பிபி அளக்குற அதே அலகு), அதையும் அதுலயே எழுதியிருக்கா. அளவும் அழுத்தமும் சரியா இருந்தா பூவோ புலிவரியோ எது வேணா போட்டுக்கோங்கனு சொல்லிட்டா.

உன்கிட்ட மறைச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. முதல்ல வாங்கின பழசு இருக்குல்ல, அது பாதி நாள் அலமாரிலதான் கிடந்துச்சு. நீ போன்ல கேக்குறப்பல்லாம் போட்டிருக்கேன்னு சும்மா சொன்னேன். தோல் கலர்னு சொல்லி விக்கிறாங்க, யாரோட தோல்னுதான் தெரியல, என் கைல அது பெரிய பிளாஸ்டர் மாதிரி தெரியும், பாக்குறவங்க எல்லாம் ஐயோ கைல என்ன ஆச்சுன்னுதான் ஆரம்பிப்பாங்க, எத்தன பேருக்குத்தான் ஆபரேஷன் கதைய சொல்றது. அதுக்காகவே முழுக்கை சட்டைக்குள்ள கைய ஒளிச்சு வெச்சேன், வீக்கம் ஏறுனதுதான் மிச்சம்.

இந்த மயிலிறகப் பாத்ததும் எனக்கே போட்டுக்கணும்னு ஆசை வந்துச்சு, அதான் சைஸ் சேரலன்னதும் அப்படி ஒரு வருத்தம். இப்ப ஒழுங்கா இருக்கேன், நம்பு. கண்றாவியா இருந்தாலும் பழசத்தான் காலைல எழுந்ததும் ரப்பர் கிளவுஸ் போட்டு சுருக்கமில்லாம இழுத்து விட்டுக்கிறேன், நைட்டு கழட்டி கிரீம் தடவி, எங்கயாவது சிவந்து சூடா இருக்கானு பாக்குறேன், அப்படி இருந்து காய்ச்சலும் வந்தா அன்னைக்கே டாக்டர்கிட்ட ஓடணும்னு சொல்லியிருக்காங்க.

அளவு எழுதின பேப்பர போட்டோ எடுத்து அனுப்பிட்டேன். ரெண்டா வாங்கு, ஒண்ணு துவைச்சுக் காயுறப்ப இன்னொண்ணு வேணும். ஒண்ணு இதே மயிலிறகு, இன்னொண்ணு உன் இஷ்டம், அந்த தோல் கலர் மட்டும் வேணாம்.

அம்மா